மீன் ஏன் குறைகிறது? அமைப்புச் சிந்தனைக்கு ஓர் எளிய அறிமுகம்

ராமேஸ்வரம் மீன்பிடித் துறைமுகத்தில் போய் "முன்ன மாதிரி ஏன் மீன்பாடு இல்ல?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். நாட்டுப்படகில் போகிறவர், "இழுவைமடி போட்டுத் தரையையே சுரண்டிட்டாங்க" என்பார்; விசைப்படகு கடல்தரையோடு இழுத்துச் செல்லும் வலைதான் இழுவைமடி. விசைப்படகு வைத்திருக்கும் சம்மாட்டி டீசல் விலையைச் சொல்வார், நடுக்கடல் எல்லையைச் சொல்வார், கைதான ஆட்களையும் பிடிபட்ட படகுகளையும் சொல்வார். அதிகாரியைக் கேட்டால் வலைக்கண் அளவு விதியை யாரும் மதிப்பதில்லை என்பார். கடலாராய்ச்சி படித்தவர் நீர் சூடாகிப் பவளப்பாறைகள் வெளுத்த கதையை எடுப்பார்.

நால்வர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பல்கலைக்கழகத்திலும் இதே பிரிவினைதான்: மீனின் வாழ்க்கை விலங்கியல் துறையில், டீசல் மானியம் பொருளாதாரத் துறையில், எல்லைத் தகராறு அரசியல் துறையில், வெப்பநிலை கடலியல் துறையில். ஒரு காரணம் இன்னொரு காரணத்தை எப்படி வளர்க்கிறது என்று கேட்கத்தான் ஆள் இல்லை. சிஸ்டம்ஸ் திங்கிங் என்று சொல்லப்படும் அமைப்புச் சிந்தனை அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. பருவநிலை மாற்றம், உணவு, நன்னீர், கடல்வளம் என்று உலகம் முழுக்கப் பேசப்படும் நிலைத்தன்மைச் சிக்கல்கள் எல்லாமே ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பவை. ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் ஏற்ற 17 வளர்ச்சி இலக்குகளையே பாருங்கள். பசியை ஒழிப்பது ஒன்று, கடலைக் காப்பது ஒன்று, வேலை தருவது ஒன்று. காகிதத்தில் தனித்தனிக் கட்டம். பாம்பனிலோ மண்டபத்திலோ ஒரே வீட்டுக்குள் மூன்றும் முட்டிக்கொள்கின்றன.

இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ஜே ஃபாரஸ்டர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1950-களில், காலப்போக்கில் ஓர் அமைப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் வழியை உருவாக்கினார். அவர் வழியில் வந்த டொனெல்லா மெடோஸ், டென்னிஸ் மெடோஸ் குழு, மக்கள்தொகை, தொழில், உணவு, இயற்கை வளம், மாசு ஆகிய ஐந்தையும் ஒரே கணினி மாதிரிக்குள் இணைத்து 1972-ல் வெளியிட்ட 'வளர்ச்சியின் எல்லைகள்' அறிக்கை உலகம் முழுக்க விவாதத்தைக் கிளப்பியது. வரலாறு இவ்வளவு போதும். முறை என்ன என்பதுதான் நமக்கு வேண்டியது.

இருப்பும் ஓட்டமும்

ராமநாதபுரத்துக்காரருக்கு இதை விளக்க ஒரு கண்மாய் போதும். வரத்துக்காலில் நீர் வருகிறது, மடையிலும் கலுங்கிலும் போகிறது, கொஞ்சம் வெயிலில் ஆவியாகிறது. கண்மாயில் இன்றைக்கு நிற்கும் நீரை இருப்பு என்கிறோம். வருவதும் போவதும் ஓட்டம். வரத்து குறைந்துவிட்டாலும், போவதைவிட அது கூடுதலாக இருக்கும் வரை கண்மாய் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இது சிறுபிள்ளைக்கும் தெரியும் என்று தோன்றலாம். ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயுவை வைத்து இதே கேள்வியை எம்.ஐ.டி. பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் கேட்டார்கள் ஜான் ஸ்டெர்மனும் லிண்டா பூத் ஸ்வீனியும். 2007-ல் வெளியான அந்த ஆய்வில் பெரும்பாலானோர் தவறாகவே வரைந்திருந்தார்கள். உமிழ்வு கூடாமல் நின்றாலே வாயுவின் அளவும் நின்றுவிடும் என்று நினைத்துவிட்டார்கள். 1958-ல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கடலும் காடும் உறிஞ்சுவதைவிட நாம் விடுவது அதிகமாக இருக்கும் மட்டும் அது ஏறும்.

மீனுக்கும் இதே கணக்கு. கடலில் இருக்கும் மீன் இருப்பு. குஞ்சாகிச் சேர்வது வரத்து. பிடிபடுவதும் இயற்கையாகச் சாவதும் போக்கு. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. துறைமுகத்தில் எடை போட்டுப் பதிவேட்டில் எழுதுவது ஓட்டத்தை மட்டும்தான். இருப்பு நம் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் பெரிதாகி, வலை நீண்டு, ஜி.பி.எஸ்.ஸும், மீன் கூட்டத்தை ஒலியால் காட்டும் எக்கோ சவுண்டரும் வந்துவிட்டால் இருப்பு சரியும்போதும் பாடு குறையாமல் காட்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் காட் மீனுக்கு இதுதான் நடந்தது. மிஞ்சிய மீன்கள் கூட்டமாய்ச் சேர்ந்த இடத்தைக் கருவிகள் தேடிக் கொடுத்ததால் பெரிய கப்பல்களுக்குக் கடைசி வரை நல்ல பாடு. 1992-ல் அரசு அந்த மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. பல்லாயிரம் பேருக்கு வேலை போயிற்று. ஆகவே பாட்டின் எடையை மட்டும் வைத்து ஆய்வு எழுதுகிற மாணவர், ஒரு மணி நேரம் வலை இழுத்தால் எவ்வளவு, ஒரு லிட்டர் டீசலுக்கு எவ்வளவு, மீனின் நீளம் என்ன என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அம்பு திரும்பி வரும் வரை

அமைப்புச் சிந்தனையின் உயிர் பின்னூட்ட வளையத்தில் இருக்கிறது. ஒரு காரணம் ஒரு விளைவைத் தருகிறது, அந்த விளைவு சுற்றி வந்து காரணத்தையே மாற்றுகிறது. ஒரு தாளில் இதை வரையலாம். காரணத்திலிருந்து விளைவுக்கு ஓர் அம்பு போடுங்கள். முதலாவது கூடினால் இரண்டாவதும் கூடும், குறைந்தால் அதுவும் குறையும் என்றால் அம்பின் மேல் கூட்டல் குறி. ஒன்று கூடினால் மற்றது குறையும் என்றால் கழித்தல் குறி.

வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், இப்படி வரையலாம். மீன்வளம் குறைந்தால் பாடு குறையும்: கூட்டல். பாடு குறைந்தால் வருமானம் குறையும்: கூட்டல். வருமானம் குறைந்தால் கடனை அடைக்கக் கூடுதல் குதிரைத்திறன் எஞ்சின், இன்னும் சின்னக் கண் வலை, இன்னும் அதிக நேர இழுவை, ஆக மீன்பிடி அழுத்தம் கூடும்: கழித்தல். அழுத்தம் கூடினால் மீன்வளம் குறையும்: கழித்தல். அம்பு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. கழித்தல் குறிகளை எண்ணுங்கள். இரட்டைப்படையில் இருந்தால், அல்லது ஒன்றுமே இல்லாவிட்டால், அது வளர்க்கும் வளையம்: போகிற திசையிலேயே மேலும் மேலும் தள்ளும். ஒற்றைப்படை என்றால் சமன்படுத்தும் வளையம். நாம் வரைந்ததில் இரண்டு கழித்தல். சரிவு சரிவையே வளர்க்கிறது.

அப்படியானால் இந்தச் சரிவை நிறுத்த ஒன்றுமே இல்லையா? இருக்க வேண்டும். வருமானம் விழுந்தால் சிலர் தொழிலை விட்டுப் போவார்கள், படகு குறையும், கடல் தேறும். இதில் ஒரே கழித்தல், எனவே சமன்படுத்தும் வளையம். அது ஏன் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்பதற்கு விடை தேட, படகு இறங்கும் இடத்தில் ஒரு குவியலைக் குனிந்து பார்க்க வேண்டும்.

அதன் பெயர் சங்காயம். இறாலும் நண்டும் கணவாயும் நல்ல மீனும் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது. மண்வெட்டியால் அள்ளிக் கொட்டுகிறார்கள். நசுங்கிப்போன அந்தக் கூழுக்குள் விரல் நீள விளைமீன் குஞ்சு கிடக்கும், பாறை மீன் குஞ்சு கிடக்கும், ஓடு இன்னும் இறுகாத நண்டு, கடற்புல்லின் அறுந்த தாள்கள். வளர விட்டிருந்தால் கிலோவுக்கு நல்ல விலை போயிருக்கக்கூடிய மீனின் குஞ்சு அங்கே சொற்ப விலைக்கு எடை போடப்படுகிறது. மீன்மாவு ஆலைக்குப் போகிறது, கோழித் தீவனமாகிறது. பெரிய மீன் கிடைக்காத நாளில் டீசல் செலவை ஓரளவு தாங்கிக்கொள்வது இந்தச் சங்காயம்தான். கடல் மெலிந்த பிறகும் கடலுக்குப் போவது கட்டுப்படியாகிவிடுகிறது. வரி விலக்கு டீசலும் வியாபாரியிடம் வாங்கிய முன்பணமும் அதே வேலையைச் செய்கின்றன. தொழிலை விட்டுப் போகச் சொல்லும் விலைச் சமிக்ஞை படகை எட்டுவதற்குள் மங்கிவிடுகிறது. எனக்கு இந்த முறையின் மேல் பெரிய மதிப்பு வந்ததே இதனால்தான்: மீனவருக்குப் பேராசை, விழிப்புணர்வு இல்லை என்று சொல்லி முடித்துவிடும் கட்டுரைகளுக்கு இந்தக் குவியலிலிருந்து கோழிப்பண்ணை வரை போகும் அம்பு தெரிவதே இல்லை. அந்த இடத்தில் யார் நின்றாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்வார்கள்.

தாமதம்

காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே காலம் ஓடுகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முடிந்ததும் முதல் சில நாட்கள் இறால் நன்றாகப் படும், எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொட்டுவதால் விலையும் இறங்கும். இறால் சீக்கிரம் வளர்கிற உயிர், அதனால் இரண்டு மாத ஓய்வுக்கே பலன் தெரிகிறது. திருக்கைக்கும் சுறாவுக்கும் அப்படி இல்லை. பருவத்துக்கு வரவே ஆண்டுகள் ஆகும், ஈனும் குட்டிகளும் குறைவு.

பவளம் இன்னும் மெதுவானது. உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்துக்கொண்டிருந்த அரண் போனது. 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியக் கடற்பூங்கா அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுக் கூட்டத்தில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இப்போது நீருக்கடியில். வெட்டி எடுத்தவருக்குத் தீவு மூழ்குவது தெரிந்திருக்க வழியில்லை. மூழ்குவதைப் பார்ப்பவருக்கு வெட்டியவர் எதிரே இல்லை. மூன்றாண்டு நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டம் இப்படிப்பட்ட வளையத்தின் ஒரு துண்டை மட்டும் பார்த்துவிட்டு "தாக்கம் இல்லை" என்று எழுதிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

எல்லைக் கோட்டை எங்கே போடுவது?

எதை அமைப்புக்குள் சேர்ப்பது, எதை வெளியே விடுவது என்பதை ஆய்வாளர்தான் முடிவு செய்கிறார். முழு முறையிலும் கடினமான இடம் இதுதான் என்பது என் எண்ணம். கோடு எங்கே நிற்கிறதோ அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் தீர்வு கடைசி வரை கண்ணில் படாது.

பாக் நீரிணையையே எடுத்துக்கொள்வோம். ஆழம் குறைந்த, கடற்புல் நிறைந்த கடல். இந்தியாவும் இலங்கையும் செய்த 1974 ஒப்பந்தம் அதன் நடுவே எல்லை வகுத்தது. கீழே மேயும் மீனுக்கு அந்த எல்லை கிடையாது, இருப்பு ஒன்றேதான். இந்தக் கரையில் விசைப்படகுகள் பெருகிய அதே காலத்தில் 1983 முதல் 2009 வரை இலங்கையில் போர். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத் தமிழ் மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் கட்டுண்டு கிடந்தார்கள். போர் முடிந்து அவர்கள் திரும்பக் கடலில் இறங்கியபோது அவர்களுடைய வலைகளை நம் இழுவைமடிகள் அறுத்தன. 2017-ல் இலங்கை இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடுத்தது. கைது, படகு பறிமுதல். இங்கே படகை இழந்த குடும்பத்தின் கடன் ஏறுகிறது, அங்கே வலையை இழந்த குடும்பத்தின் கடன் ஏறுகிறது, இரண்டு கரையிலும் பேசுவது ஒரே மொழி. ராமநாதபுரம் மாவட்டத்தை மட்டும் கோட்டுக்குள் வைத்து ஆராய்ந்தால் இது எல்லைக் காவல் பிரச்சினையாக மட்டும் தெரியும். இரு கரையையும் உள்ளே கொண்டுவந்தால், பகிர்ந்துகொள்ளும் ஒரே இருப்பின் மேல் அளவுக்கு மீறிய இழுவைத்திறன் என்பது தெரியும்.

கோட்டை இன்னும் அகலப்படுத்த வேண்டிய நேரமும் வரும். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவு வெளுத்தன. சூடு தாங்காமல், தனக்கு உணவு தரும் நுண்பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிடுகிறது, அதுதான் வெளுப்பு. அந்தச் சூட்டின் அம்பைப் பின்தொடர்ந்தால் உலகம் முழுக்க எரியும் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் போய்ச் சேரும். கீழக்கரையில் எத்தனை கூட்டம் போட்டாலும் அந்த ஓட்டத்தை அடைக்க முடியாது. ஆனால் அறுக்கப்படாத, கழிவு சேராத பாறை வெளுப்பிலிருந்து தேற வாய்ப்பு கூடுதல். உலகச் சிக்கலில் உள்ளூர் வேலைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை இப்படிப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

எங்கே கை வைப்பது?

அமைப்பில் எந்த இடத்தில் சின்ன மாற்றம் பெரிய பலன் தரும்? டொனெல்லா மெடோஸ் இதற்கு நெம்பு இடங்கள் என்று ஒரு வரிசையே கொடுத்தார். மானியம், வரி, அளவு போன்ற எண்களை மாற்றுவது அதில் வலுக் குறைந்தது. தகவல் யாருக்குப் போகிறது, விதியை யார் வகுக்கிறார், அமைப்பின் நோக்கம் என்ன என்பவை வலுவானவை.

2017-ல் ராமேஸ்வரத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. பாக் நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகுகள். ஒரு படகுக்கு 80 லட்சம், அதில் ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து 70 சதவீதம் தருவதாக ஏற்பாடு. நோக்கம் சரியானது, அழுத்தத்தைக் குறைப்பதுதான் அது. ஆனாலும் எதிர்பார்த்த வேகத்தில் நடக்கவில்லை. இன்று போய் நாளை காலை திரும்பும் தொழிலுக்குப் பழகியவரை, பல நாள் கடலில் தங்கித் தூண்டிலில் சூரை பிடிக்கச் சொல்கிறோம். பயிற்சி, பனிக்கட்டி, சந்தை, மீதிக் கடன், வீட்டுப் பொறுப்பு எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். படகு ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை பழைய இடத்துக்கே இழுக்கும்.

இதற்குப் பக்கத்தில், பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் ஊர்ப் பெண்களை வைத்துப் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சைப் பிடித்து மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர்கள். பாறை விரலை அறுக்கும், அதற்குத்தான் துணி. தீவுகள் பூங்காவுக்குள் போன பிறகு அவர்கள் கடலில் இறங்குவதே வனத்துறையோடு மோதலாயிற்று. அந்த நெருக்கடியில், மாதத்துக்கு 12 நாள் மட்டுமே எடுப்பது என்று அவர்களே தங்களுக்கு வரம்பு வைத்துக்கொண்டார்கள். பாசி தழைக்க நாள் கிடைத்தது. அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பு விருது கொடுத்தது. பொதுவளத்தைப் பயன்படுத்துபவர்களே விதி செய்து, தாங்களே கண்காணிக்கும்போது அந்த வளம் நிலைக்கும் என்று பல நாடுகளில் ஆராய்ந்து காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அவர் எழுதியதைப் படிக்காமலே சின்னப்பாலத்தில் அதைச் செய்து காட்டினார்கள். மெடோஸ் கணக்கில் இது எண்ணை மாற்றியது மட்டும் இல்லை, விதியை வகுக்கும் கையே மாறியது.

பாசியிலேயே எதிர்க்கதையும் இருக்கிறது. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி மண்டபம் பகுதியில் சோதிக்கப்பட்டு 2000-களில் வளர்ப்புத் தொழிலாயிற்று. மூங்கில் மிதவையில் கட்டினால் 45 நாளில் அறுவடை; பல பெண்களுக்குக் கையில் பணம் வந்தது, அது சின்ன விஷயமில்லை. 2008-ல் குருசடைத் தீவில் அதே பாசி உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, கடல் சூடான பருவங்களில் வளர்ப்புப் பாசியே பெருமளவு அழுகி மடிந்தது. வருமானத்தைத் தேடிப் போட்ட அம்பு பவளத்தைத் தொட்டது, வெப்பத்தின் அம்பு வந்து வருமானத்தைத் தொட்டது. திட்டம் தீட்டியபோது இந்த இரண்டு அம்பும் தாளில் இருந்திருந்தால் மிதவைகளை எங்கே கட்டுவது, எத்தனை வகைப் பாசியை நம்புவது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசப்பட்டிருக்கும்.

நீங்கள் தொடங்க

இதே மாவட்டத்தில் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது, மதிப்பு சுமார் 127 கோடி. கல்லூரியில் படிக்கும் ஒருவர் ஆய்வுத் தலைப்பு தேடினால் இதைவிட நல்லது கிடைக்காது.

முதலில் கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள். "பூங்கா நல்லதா கெட்டதா" என்பது உதவாது. "பாசி வளர்ப்பு விரிந்தால், இயற்கைப் பாசி எடுக்கும் பெண்களின் வருமானம் பத்தாண்டில் எப்படி மாறும்" என்பது உதவும். பிறகு இருப்புகளைக் குறியுங்கள்: பாறையிலுள்ள பாசி, மிதவைகளின் எண்ணிக்கை, குடும்பக் கடன், கடற்புல் பரப்பு. எது எதைக் கூட்டும், எது எதைக் குறைக்கும் என்று அம்பு போடுங்கள். தாமதமாக வரும் விளைவின் அம்பில் இரண்டு குறுக்குக் கோடு போடுவது வழக்கம். கணினி மாதிரி பிறகு பார்த்துக்கொள்ளலாம். எண் இல்லாத படமே பாதி வேலையை முடித்துவிடும். எண்கள் கிடைத்து மாதிரி ஓட்டினாலும் அதை ஜோசியமாக நம்பிவிடக் கூடாது. 'வளர்ச்சியின் எல்லைகள்' குழுவே, இப்படிப் போனால் இப்படி ஆகலாம் என்று பல பாதைகளைக் காட்டியதே தவிர இன்ன ஆண்டில் இன்னது நடக்கும் என்று சொல்லவில்லை.

அலுவலகத் தரவைத் திரட்டி முடித்த பிறகு கடைசியாக ஊருக்குப் போகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அதைத் தலைகீழாக்குங்கள். பாசி எடுக்கும் பெண்கள், நாட்டுப்படகுக்காரர், விசைப்படகுக்காரர், பாசி வாங்கும் வியாபாரி, வனத்துறை, மண்டபத்துக் கடலாராய்ச்சி விஞ்ஞானிகள் என்று தனித்தனியாகப் போய் ஒவ்வொருவரையும் அம்பு போடச் சொல்லுங்கள். ஒருவர் போட்டு இன்னொருவர் போடாத அம்புகளைச் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கள ஆய்வில் முதலில் அளக்க வேண்டியவை அந்தச் சிவப்பு அம்புகள்தான்.